கேளுங்க மக்கா: டும் டும் சத்தத்துக்கு எத்தனை வயது?

போன இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "டெக்னோவைச் சின்னப் பிள்ளைகளின் இசை என்று யார் சொன்னது, அதற்கே நாற்பது வயது ஆகிவிட்டது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் இந்தப் பகுதிக்கு இதுவரை வந்ததிலேயே அதிகம். திட்டினவர்களும் உண்டு. அதனால் ரப்பர் விலை, நாலுவழிச் சாலை, வாழைக்குலை எல்லாம் அடுத்த இதழுக்கு. இந்த முறை முழுக்க டும் டும்தான்.

பேரன் லீவுக்கு வந்திருக்கிறான். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சத்தம் வைக்கிறான். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று முக்கால் மணி நேரம் திண்ணையில் காத்திருந்தேன், ஆரம்பிக்கவே இல்லை. கேட்டால் "இதுதான் பாட்டு, பாட்டா" என்கிறான். இது என்ன வகை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை

சார், நீங்கள் காத்திருந்த அந்த முக்கால் மணி நேரமும் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பேரன் சொன்னது சரி.

ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த முறை அந்தச் சத்தம் கேட்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து 15 வினாடிக்கு எத்தனை டும் என்று எண்ணுங்கள். முப்பதிலிருந்து முப்பத்தைந்துக்குள் வரும். நாலால் பெருக்கினால் நிமிடத்துக்கு 120 முதல் 140. அதுதான் டெக்னோவின் நடை. நாலு அடியும் ஒரே கனத்தில் விழும். இரண்டு டும்முக்கு நடுவில் 'ட்ஸ்' என்று தகட்டுச் சத்தம் ஒன்று. அதற்கு மேல் ஒரு கீச்சோ ஒரு உறுமலோ மெதுவாக நுழையும், நீங்கள் கவனிக்காத நேரத்தில் வெளியே போய்விடும். பாடகர் பெரும்பாலும் இருக்க மாட்டார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று காத்துக்கொண்டிருந்தால் திண்ணையில் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான். மாற்றங்கள் எல்லாம் பதினாறு அடிக்கு ஒன்று, முப்பத்திரண்டு அடிக்கு ஒன்று என்று சின்னச் சின்னதாக வரும்.

சுசீந்திரம் மார்கழித் திருவிழாக் கச்சேரியில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது பாட்டு எப்போது வரும் என்று நாம் கேட்பதில்லையே. (பாதிப் பேர் காபிக்கு எழுந்து போவார்கள், அது வேறு விஷயம்.)

இப்போது வயது விஷயத்துக்கு வருகிறேன். டெக்னோ பிறந்தது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில், 1980-களின் நடுவில். கார் தொழிற்சாலைகளின் ஊர் அது, அந்த நேரத்தில் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த ஊரும்கூட. அதற்குப் பக்கத்தில் பெல்வில் என்ற சிற்றூர்ப் பள்ளியில் ஒன்றாகப் படித்த மூன்று கறுப்பின இளைஞர்கள் – ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். ஆல்வின் டாஃப்லர் 1980-ல் எழுதிய 'மூன்றாவது அலை' புத்தகத்தில் 'டெக்னோ' கலகக்காரர்கள் என்று ஒரு பேச்சு வரும், அட்கின்ஸ் அதைப் படித்துவிட்டு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். 1988-ல் லண்டனில் ஒரு கம்பெனி டெட்ராய்ட் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டபோது அட்டையிலேயே டெக்னோ என்று போட்டார்கள், பெயர் உலகம் முழுக்க நிலைத்துவிட்டது.

அட்கின்ஸ் பிறந்தது 1962. உங்களிடம் கடைசியில் படித்த பிள்ளைகளைவிட உங்கள் வயதுக்குத்தான் அவர் பக்கம். இதைப் பேரனிடம் சொல்லிப் பாருங்கள், முகத்தைப் பார்க்க நன்றாக இருக்கும்.

எங்கள் ஊர்க் கல்யாண வரவேற்பில் டிஜே போடுகிறார்களே, அது டெக்னோதானே?
– கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

அநேகமாக இல்லை தம்பி. அது சினிமாக் குத்துப்பாட்டுக்கு அடியில் ஒரு டும்மைச் சேர்த்து வேகத்தைக் கூட்டியது. நம் குத்து பெரும்பாலும் மூன்று மூன்றாகத் துள்ளும், இடுப்பு தானாகச் சாயும். டெக்னோ நாலு நாலாக நேரே நடக்கும். புகை மெஷினும் லேசர் விளக்கும் பொது, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

எனக்கு 52 வயது. வீட்டில் தையல் வேலை. போன வருஷம் மகள் பெங்களூரிலிருந்து வந்தபோது ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டுப் போனாள், இப்போது டெக்னோ இல்லாமல் எனக்குத் தையல் ஓடுவதில்லை. தங்கச்சி "இந்த வயசில் என்ன கூத்து" என்கிறாள். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.
– வாசகி, வடசேரி

அக்கா, வெட்கம் எதற்கு? பவர் மெஷினில் நேர்த்தையல் போடுகிற கைக்கு அந்தச் சத்தம் பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம். வார்த்தை இல்லாததால் கவனம் துணியை விட்டுப் போகாது. பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குகிற இடைவெளியும் இல்லை, ஒன்றின் வாலில் அடுத்ததின் தலையைக் கோத்துவிடுவார்கள். உங்கள் பாஷையில் சொன்னால், தையல் பிரியாத மாதிரி ஒட்டுப்போட்டு.

டோக்கியோவில் சுமிகோ இவாமுரோ என்று ஒரு பாட்டி. பகலில் குடும்பத்து உணவுக்கடையில் கொழுக்கட்டை மாதிரி ஒரு பலகாரம் செய்கிறவர். 70 வயது தாண்டிய பிறகு டிஜே வேலை படித்துக்கொண்டு, ராத்திரி கிளப்பில் டெக்னோ வைத்தார். 2018-ல், 83 வயதில், உலகத்திலேயே மூத்த தொழில்முறை கிளப் டிஜே என்று கின்னஸில் அவர் பெயர் ஏறியது. உங்களுக்கு 52. இன்னும் 31 வருஷம் இருக்கிறது அக்கா, தங்கச்சியைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னொரு கணக்கு. 1989 ஜூலையில், பெர்லின் சுவர் விழுவதற்கு நாலு மாதம் முன்பு, மேற்கு பெர்லின் தெருவில் சுமார் 150 பேர் ஒரு வேனில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டே போனார்கள். லவ் பரேட் என்று பெயர். பத்தே வருஷத்தில் அது பத்து லட்சத்துக்கு மேல் ஆட்கள் கூடுகிற திருவிழா ஆனது. (2010-ல் டூயிஸ்பர்க் நகரத்தில் நடத்தியபோது நெரிசலில் 21 பேர் இறந்தார்கள், அதோடு அந்த விழா நின்றது. சரியான வழிவிடாமல் கூட்டத்தைக் கூட்டினால் எந்த ஊர்த் திருவிழாவும் இப்படித்தான்.) அந்த முதல் 150 பேரில் இருபது வயசுப் பையனாக இருந்தவர் இன்று அறுபதைத் தொடப் போகிறார். அங்கே இப்போது அம்மாவும் மகளும் ஒரே கிளப் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். 2024 மார்ச்சில் பெர்லின் டெக்னோ கலாச்சாரத்தை ஜெர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டது, யுனெஸ்கோ உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாடும் வைத்திருக்கும் பட்டியல் அது. இங்கே நாம் பிள்ளைகளைத் திட்டுகிற சத்தத்துக்கு அங்கே மரபு என்று முத்திரை குத்தியாகிவிட்டது.

என் கதையும் கொஞ்சம். எண்பதுகளின் பின்பாதியில் நாகர்கோவிலில் ஒரு கேசட் பதிவுக் கடையில் வேலை பார்த்தேன். அறுபது நிமிஷ, தொண்ணூறு நிமிஷக் கேசட்டுகளில் வாடிக்கையாளர் எழுதிக் கொடுக்கிற பட்டியல்படி பாட்டு ஏற்றுவது. கல்ஃபிலிருந்து வந்த ஒருவர் டபுள் டெக் செட்டோடு பெயர் எழுதாத கேசட் ஒன்றைக் கொண்டுவந்து நகல் கேட்டார். ஓடவிட்டால் ஒரு பெரிய நெடுஞ்சாலையில் ரயில் ஓடுகிற மாதிரி ஏதோ ஒன்று, பேச்சே இல்லை. அது கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் குழுவின் இசை என்று எனக்குத் தெரிந்ததே பதினைந்து வருஷம் கழித்து. டெட்ராய்ட் பையன்கள் ரேடியோவில் கேட்டு வாயைப் பிளந்ததும் இதே ஆட்களைத்தான். கடைக்கு வந்த பெரியவர் ஒருவர் "டேப்பு சிக்கிட்டு, எடுத்துப் பாரு மக்கா" என்றார். நானும் எடுத்துப் பார்த்தேன், அதுதான் வேடிக்கை.

அப்புறம், 1986-ல் 'புன்னகை மன்னன்', 'விக்ரம்' இரண்டிலும் இளையராஜா மின்சாரத்தில் சத்தம் உண்டாக்குகிற சின்தசைசரையும் கம்ப்யூட்டர் தாளத்தையும் தாராளமாகப் பயன்படுத்தினார். அந்தக் கேசட்டுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட தலைமுறை நீங்களும் நானும். காது அப்போதே பழகிவிட்டது, நமக்குத்தான் தெரியாது.

கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டினால் வருவதெல்லாம் இசையா? வித்வான் எங்கே, சாதகம் எங்கே?
– வாசகர், குழித்துறை

கோபம் நியாயம்தான். இன்று வருகிற டெக்னோவில் பெரும்பகுதி குப்பை என்று நானும் சொல்வேன். ஆனால் பட்டன் கதை நீங்கள் நினைப்பதைவிடச் சுவாரசியமானது.

ஜப்பானில் ரோலண்ட் கம்பெனி 1980-ல் 808 என்று ஒரு தாளக் கருவியை விற்பனைக்கு விட்டது. டிரம்ஸ் ஆள் வைக்க வசதியில்லாதவர்கள் பாட்டுக்கு மாதிரிப் பதிவு செய்துகொள்ளட்டும் என்பது நோக்கம். அதன் டிரம்ஸ் சத்தம் நிஜ டிரம்ஸ் மாதிரியே இல்லை, பெட்டிக்குள் யாரோ தும்முகிற மாதிரி இருக்கிறது என்று ஆட்கள் வாங்கவில்லை. சுமார் 12,000 செய்ததோடு 1983-ல் நிறுத்திவிட்டார்கள். கிட்டாருக்குத் துணையாக மந்தர சத்தம் கொடுக்க 303 என்று இன்னொரு பெட்டி, அதுவும் படுத்துவிட்டது. அடகுக்கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் கிடந்த இந்தப் பெட்டிகளைக் கைச்செலவுக் காசில் வாங்கியவர்கள்தான் டெட்ராய்ட், சிகாகோ பையன்கள். டிரம்ஸ் மாதிரி இல்லாததே நல்லது என்று அவர்களுக்குத் தோன்றியது. 303-ன் திருகுகளை அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகினால் சத்தம் புழு நெளிகிற மாதிரி நெளியும், அதை வைத்தே 1987-ல் சிகாகோவில் ஒரு தனி வகையே உண்டானது.

வசதி இல்லாதவன் கையில் கிடைத்ததை அடித்துப் பார்க்கிற கதைதான். பானையை எடுத்துத் தாளவாத்தியம் ஆக்கிய நம் ஊரில் இதைக் குறையாகச் சொல்ல முடியாது. சாதகமும் உண்டு: இரண்டு வேறு வேறு வேகத்தில் சுற்றுகிற இசைத்தட்டுகளைக் காதாலேயே ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, கேட்கிறவனுக்குத் தெரியாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாண்டுவது. முயற்சி செய்து பாருங்கள், இரண்டு மாட்டை ஒரே நுகத்தில் பூட்டுகிற மாதிரி. இப்போது மெஷினே அதைச் செய்துவிடுகிறது என்பது உண்மை, அந்த இடத்தில் உங்கள் கட்சி ஜெயிக்கிறது.

பிள்ளைகள் டெக்னோ கேட்டுக்கொண்டே படிக்கிறார்கள். படிப்பு ஏறுமா?
– வாசகி, கருங்கல்

புத்தகம் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நான் வள்ளத்தில் போகிறவன். ராத்திரி வலை போட்டுவிட்டு எஞ்சின் சத்தத்தில்தான் கண் அசருவேன். மகன் வைக்கிற இந்தச் சத்தமும் எனக்கு அப்படியே இருக்கிறது. நான் சொன்னால் அவன் சிரிக்கிறான்.
– வாசகர், குளச்சல்

அவன் சிரிக்க வேண்டாம், நீங்கள் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். டெட்ராய்ட்காரர்கள் தொழிற்சாலைச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அசெம்பிளி லைன், உங்களுக்கு டீசல் எஞ்சின். ஒரு நாள் மகனை உட்காரவைத்து, டெரிக் மே 1987-ல் வெளியிட்ட 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' என்பதைப் போடச் சொல்லுங்கள். பியானோவும் வயலின் கூட்டமும் வெட்டி வெட்டி வரும். நாற்பது வருஷத்துக்குப் பக்கம் ஆகியும் இன்றைக்கும் கூட்டத்தை எழுப்புகிறது. அது பிடித்தால் மற்றதற்குப் போகலாம், பிடிக்காவிட்டால் எஞ்சினே போதும்.

இது நம் மண்ணுக்குச் சம்பந்தம் இல்லாத வெள்ளைக்கார இசை. இதை ஏன் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள்?
– வாசகர், பூதப்பாண்டி

அண்ணாச்சி, முதலில் ஒரு சின்னத் திருத்தம். வெள்ளைக்கார இசை என்பதே தப்பு, உண்டாக்கியவர்கள் கறுப்பின அமெரிக்கர்கள் என்று மேலே சொல்லிவிட்டேன். பெர்லின் அதை வாங்கி வளர்த்தது, சுவர் விழுந்த பிறகு காலியாகக் கிடந்த ஒரு பழைய கடையின் இரும்புப் பெட்டக அறையில் 1991-ல் கிளப் திறந்து.

சம்பந்தம் இல்லை என்பதும் முழுக்கச் சரியில்லை. அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969-லேயே மூக் என்ற கம்பெனியின் சின்தசைசர் வந்து இறங்கி, நம் ஆட்கள் அதில் மின்னணு இசை செய்து டேப்பில் பதிந்திருக்கிறார்கள். பம்பாயில் சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் 1982-ல் அதே 808, 303 பெட்டிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டு ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். சிகாகோக்காரர்கள் 303-ஐத் திருகத் தொடங்குவதற்கு ஐந்து வருஷம் முன்னால். யாரும் சீண்டவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்தபோதுதான் உலகம் மூக்கில் விரலை வைத்தது. 2015-ல் அவர் இறந்துபோனார், அதற்குள் வயதான காலத்தில் ஐரோப்பாவில் போய் இளவட்டங்கள் முன்னால் வாசித்துவிட்டும் வந்தார். பைரவியைப் போட்டுப் பாருங்கள், உங்கள் கட்சி கொஞ்சம் ஆட்டம் காணும்.

ஆனால் நான் சொல்ல நினைப்பது அதுவும் இல்லை. நம் ஊர்க் கோயில் திருவிழாவான கொடையைத்தான்.

எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். அம்மா பிறந்த ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை. தென்னை ஓலைப் பந்தல், பெட்ரோமாக்ஸ் விளக்கு, மணல் தரை. ஆச்சி மடியில் பாதித் தூக்கத்தில் நான். வில்லுப்பாட்டு சாயங்காலத்திலிருந்து நடக்கிறது. புலவர் வீசுகோலை வில்லின் மேல் தட்டத் தட்ட மணிகள் சலசலக்கின்றன, குடத்தின் வாயில் மட்டையால் ஒருவர் அடிக்கிறார், அந்த 'தொம்' காதில் கேட்பதற்கு முன்பே வயிற்றில் கேட்கும். உடுக்கை தனி ஆள். கதை சொல்கிறபோது எல்லாம் மெதுவாக, நிதானமாகப் போகிறது. நடுராத்திரிச் சாமக் கொடை நேரம் நெருங்க நெருங்க வார்த்தை குறைகிறது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள், பின்பாட்டுக்காரர்கள் ஆமாம் போடுவதும் நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் நையாண்டி மேளம் சேர்ந்துகொள்கிறது, தவிலும் பம்பையும். உடுக்கை வேகம் ஏறுகிறது. எவ்வளவு ஏறியது என்று தெரியாத மாதிரி ஏறுகிறது.

நான் சாமியாடியின் முகத்தைப் பார்க்கவில்லை, பயம். காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வலது காலின் பெருவிரல் மட்டும் மணலில் துடித்தது. கொஞ்ச நேரம் அவ்வளவுதான், வேறு அசைவே இல்லை. அப்புறம் குதிகால் எழுந்து இறங்கியது, அடிக்கு ஒரு தடவை, தவறாமல். முழங்கால் வந்தது. பிறகு மனுஷர் அந்த இடத்தில் இல்லை, பந்தல் முழுக்கக் குலவைச் சத்தம். ஆச்சி என்னை இறுக்கிப் பிடித்திருந்தாள், அவளுடைய விரல்களும் என் முதுகில் அதே தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தன.

பல வருஷம் கழித்து, வெளிநாட்டில் வேலை பார்க்கிற தங்கை மகன் ஒரு கிளப்பில் ஆட்கள் ஆடுகிற வீடியோவைக் காட்டினான். "என்ன மாமா, எல்லாரும் பேய் பிடிச்ச மாதிரி நிக்கிறாங்க" என்றான் சிரித்துக்கொண்டே. நான் காலைப் பார்த்தேன். குதிகால் எழுந்து இறங்குகிறது, அடிக்கு ஒரு தடவை.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே சாமி இல்லை, கதை இல்லை, வாக்குக் கேட்க யாரும் குனிவதில்லை, காலையில் பொங்கலும் கிடையாது. திரும்பத் திரும்ப வரும் அடி உடம்பை என்ன செய்யும் என்பது மட்டும் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தப் பந்தலில் ஆச்சியும் நானும் ஒரே அடியைத்தான் கேட்டோம். அவளுக்கு ஒரு சத்தம், எனக்கு ஒரு சத்தம் என்று யாரும் பிரித்து வைக்கவில்லை. வீட்டில் ரேடியோ ஒன்று இருந்தவரை அப்படித்தான், பிடிக்கிறதோ பிடிக்கவில்லையோ எல்லாரும் கேட்டார்கள். வாக்மேன் வந்தது, செல்போன் வந்தது, காதுக்குள் போகிற மணி வந்தது, ஆளுக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு கதவு. கதவுக்கு வெளியே வருகிற பாதிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு உள்ளே இருப்பது வேற்று மனிதர்களின் இசை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். கதவைத் தாண்டி வருவது தடித்த மந்தரம் மட்டும்தான், மேலே இருக்கிற நுணுக்கம் எல்லாம் சுவரில் நின்றுவிடும். சுவருக்கு அப்பால் கேட்டால் செம்மங்குடியும் முனகல்தான்.

கேரளத்துச் செண்டை மேளத்தையும் சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டத்துக்காரர்கள் நாம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், கொச்சி எல்லாம் சேர்ந்த மாநிலத்தோடு இருந்தவர்கள், அதனால் செண்டை நமக்கு அந்நியம் இல்லை. இன்றைக்குக் கோயில் திருவிழாவிலும் செண்டை அடிக்கிற சிங்காரி மேளம், சர்ச் திருவிழாவிலும் சிங்காரி மேளம். முன்வரிசையில் துள்ளுகிறவன் கல்லூரிப் பையன், ஓரத்தில் நின்று தலையை ஆட்டுகிறவர் அவனுடைய பாட்டா. யாராவது இதைத் தலைமுறை இடைவெளி என்கிறோமா?

டெக்னோ என்றாலே போதை என்கிறார்களே?
– பெயர் வேண்டாம், குலசேகரம்

அந்தப் பேச்சு காற்றில் வந்ததல்ல. 1988, 89-ல் இங்கிலாந்தில் வயல்வெளியிலும் கிடங்குகளிலும் ராத்திரி ஆட்டங்கள் நடந்தபோது எக்ஸ்டஸி மாத்திரையும் கூடவே பரவியது, உயிர்கள் போயின. இன்றும் பல கிளப்புகளில் இருக்கிறது. மறைக்க ஒன்றும் இல்லை, பிள்ளைகளிடம் நேரடியாகப் பேச வேண்டிய விஷயம். ஆனால் வடசேரி அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்கிறார், போதை சத்தத்தில் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. பிரிட்டிஷ் அரசு 1994-ல் ஒரு சட்டம் போட்டது. ராத்திரி திறந்தவெளிக் கூட்டங்களைப் போலீஸ் கலைக்கலாம் என்பதற்காக, எது இசை என்று வரையறுக்க வேண்டி வந்தது. முழுவதுமாகவோ பெரும்பாலுமோ அடுத்தடுத்துத் திரும்ப வரும் அடிகளால் ஆன சத்தங்களும் அதில் அடங்கும் என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதிவைத்தார்கள். அந்தச் சட்டம் நம் ஊரில் இருந்தால் கொடை நடத்துகிற ஊர்க் கமிட்டி மொத்தமும் உள்ளே.

பக்கத்துத் தெரு விசேஷத்தில் ராத்திரி ஒரு மணி வரை பாக்ஸ் வைத்து அதிரவிட்டார்கள். நெஞ்சு நோயாளி மாமியாரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உங்களுக்கு டெக்னோ பெருமை பேசுவது எளிது.
– வாசகி, இரணியல்

அம்மா, சரியான அடி. வாங்கிக்கொள்கிறேன்.

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா மாதிரியான நாட்களுக்கு, வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல், 12 மணி வரை அரசு தளர்த்தலாம். ஒரு மணி என்பது எந்தக் கணக்கிலும் வராது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், ராத்திரி 45 என்று அளவும் இருக்கிறது. 45 என்பது மெதுவாகப் பேசுகிற பேச்சு, பாக்ஸைத் திறந்தாலே தாண்டிவிடும். காவல் நிலையத்துக்கோ 100-க்கோ போன் செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்கு முன்னால் வீட்டு ஆம்பிளை யாரையாவது அனுப்பாமல் நீங்களே அந்த வீட்டு அம்மாவிடம் மாமியாரைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள், பல நேரம் அது போலீஸைவிட வேகமாக வேலை செய்யும்.

எனக்கும் இதில் அடி உண்டு. மூன்று வருஷம் முன்பு ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில், மண்டபத்துக்குள் ஆள் உயரத்துக்கு அடுக்கிய பாக்ஸுக்குப் பக்கத்து மேசையில் பந்திக்கு இடம் கிடைத்தது. சவுண்ட் ஆளிடம் குறைக்கச் சொன்னேன், தலையாட்டிவிட்டுக் கூட்டினார். இரண்டு நாள் காதில் சில்வண்டு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் காது தாங்கும் என்பது பொதுவான கணக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100-க்கு வந்தால் கால் மணி நேரம்தான். ஒரு பந்தி முடிய அதைவிட அதிக நேரம் ஆகும். டெக்னோ கிளப்புக்குப் பழகியவர்கள் காதில் பஞ்சுக்குப் பதில் சின்ன ரப்பர் அடைப்பான் வைத்துக்கொண்டு போகிறார்கள். கல்யாணத்துக்கு அப்படிப் போனால் பெண்வீட்டார் கோபித்துக்கொள்வார்கள், அதனால் நான் இப்போது ரசத்தோடு எழுந்துவிடுகிறேன்.

எங்கள் ஊரில் காற்றாலை ராத்திரி முழுக்க 'வூம் வூம்' என்று ஒரே தாளத்தில் சுற்றுகிறது. உங்கள் கணக்குப்படி அதுவும் டெக்னோதானே?
– பத்தாம் வகுப்பு மாணவி, ஆரல்வாய்மொழி

மக்கா, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். பெரிய காற்றாலை நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 சுற்றுச் சுற்றும். இறக்கை மூன்று. அப்படியானால் 45 வூம். டெக்னோவுக்கு 135 வேண்டும், ஆடி மாசக் காற்று இன்னும் மூன்று மடங்கு அடித்தால் ஆகும். அப்படி அடித்தால் கம்பெனிக்காரர்கள் பிரேக் போட்டு நிறுத்திவிடுவார்கள்.